மோல்மேனில் பழைய வீட்டில் குடியிருப்பது எப்படி

பர்மாவின் (மியான்மர்) மோல்மேன் ஊரில், பாயாக்கள், அதாவது புத்தர் கோயில்கள் நிற்கும் குன்றுக்கும் சல்வீன் ஆற்றுக்கும் நடுவே, மேல் மெயின் ரோடு, கீழ் மெயின் ரோடு, இரண்டையும் இணைக்கும் சந்துகள் என்று இன்னும் நிறையப் பழைய வீடுகள் நிற்கின்றன. கீழ்த்தளம் செங்கல், மேல்தளம் தேக்கு, கூரை தகரம். தாத்தா காலத்து வீடு ரங்கூனில் இருக்கும் பேரன் கைக்கு வருகிறது. பக்கத்து ஊரான முடோன் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் பிள்ளைகள் படிப்புக்காக வாடகைக்கு வருகிறது. வந்த கொஞ்ச நாளிலேயே கோயிலில் என்னைப் பிடித்துக் கேட்பார்கள்: “அக்கா, இதை இடிச்சுட்டுக் கட்டலாமா, இல்ல ரிப்பேர் பண்ணிட்டு இருக்கலாமா?” ரிப்பேர் பண்ணிக்கொண்டு இருங்கள். இதை எழுதுவதே அதற்காகத்தான்.

நான் இந்தப் பேட்டையில் பிறந்தவள். கல்யாணமாகிப் போனதும் அதே சந்தில்தான். அப்பா மர ஆலையில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தார். எந்த மரம் எங்கே தாங்கும், எங்கே உளுத்துப்போகும் என்று அவர் சொல்லிக் கேட்டே வளர்ந்தேன்.

இந்த வீடுகள் ஏன் இப்படி இருக்கின்றன என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. 1826-இல் முதல் ஆங்கில-பர்மியப் போர் முடிந்ததும் பர்மாவின் தென்கோடிக் கடற்கரையான தெனாசெரிம் பிரிட்டிஷாரிடம் போனது. அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து 1852-இல் ரங்கூன் அவர்கள் வசமாகும் வரை, அவர்களுடைய பர்மாவுக்குத் தலைமை ஊர் மோல்மேன். சல்வீனில் மிதந்து வந்த தேக்கு இங்கே அறுபட்டுக் கப்பலேறியது. மர வியாபாரிகள், ஆலைக்காரர்கள், அவர்களிடம் வேலை பார்த்த கிராணிகள், கடன் கொடுத்த செட்டியார்கள் எல்லோரும் இந்த ஊரில் குடியிருந்தார்கள். நல்ல மரம் சுலபமாகக் கிடைத்தது, மழையோ விடாமல் பெய்தது. நனைந்தது காய வேண்டும், அவ்வளவுதான் கட்டியவர்களின் கணக்கு. உயர்ந்த கூரை, நீண்ட இறவாரம், சாய்வுப் பலகை வைத்த ஜன்னல், தரைக்கு அடியில் காற்று போக இடம், சுண்ணாம்புச் சுவர், எல்லாமே அதற்காகத்தான். இன்று நாம் செய்யும் ரிப்பேரில் பாதி, காய விடாமல் அடைப்பதாக இருக்கிறது. வீடு கெட்டுப்போவது அங்கேதான்.

கூரையிலிருந்து தொடங்குங்கள்

மோல்மேனில் வருஷத்துக்குச் சுமார் 4,800 மில்லிமீட்டர் மழை. சென்னையில் சுமார் 1,400. அதிலும் இங்கே பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டிவிடும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் மாதத்துக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் சர்வசாதாரணம். எட்டு மீட்டருக்குப் பத்து மீட்டர் கூரை உள்ள சின்ன வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் பெய்தால் அந்தக் கூரையிலிருந்து 8,000 லிட்டர் தண்ணீர் இறங்கும். அது எந்த வழியாக எங்கே போகிறது என்று தெரியும் வரை அந்த வீட்டுக்கு ஒரு டப்பா பெயிண்ட்கூட வாங்காதீர்கள்.

கூரை பார்க்க மாசியும் பங்குனியும் நல்ல காலம். உச்சி வெயிலில் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, சீலிங் பலகைக்கு மேலே ஏறி, டார்ச்சை அணைத்துவிட்டு உட்காருங்கள். கால் வைப்பது உத்தரத்தின் மேல் இருக்கட்டும், பலகை மேல் வேண்டாம். கண் இருட்டுக்குப் பழகியதும் ஓட்டைகள் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்துச் சட்டத்தில் சாக்பீஸால் குறி போடுங்கள். அப்புறம் மரத்தில் நீர்க்கறை ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருப்பது குறைவு. தண்ணீர் சட்டத்தோடு வழிந்து வெகுதூரம் வந்துதான் சொட்டும். கறையைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் இடம் அகப்படும்.

தகரம் முதலில் துருப்பிடிப்பது ஆணி அடித்த இடத்திலும், ஒரு தகட்டின் மேல் இன்னொரு தகடு ஏறும் இடுக்கிலும். ஆணித் துளை பெரிதாகிவிட்டால் அதிலேயே இன்னும் பெரிய ஆணியை அடிக்க வருவார்கள், விடாதீர்கள். ரப்பர் வாஷர் உள்ள திருகாணியை, தகட்டு அலையின் மேட்டில் போடச் சொல்லுங்கள். பள்ளத்தில் போட்டால் தண்ணீர் அதன் தலைமேலேயே ஓடும். தார் பூசுவது ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதற்கான ஏற்பாடு மட்டுமே. தகடு மாற்றப் பணம் சேர்த்துக்கொண்டிருங்கள்.

முழுக்கூரையும் மாற்றும் நாள் வந்தால், நீங்களே பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய ஒரு விஷயம் இறவாரத்தின் நீளம். தகடு மிச்சம் பிடிக்க அதை ஒரு முழம் குறைத்துவிடுவார்கள். வீதியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்த வருஷ மழையிலேயே சாரல் மேல்தளப் பலகைச் சுவரில் நேராக அடிக்கும். பழைய தகட்டை அளந்து எழுதி வைத்துக்கொண்டு, புதியது அதே அளவு வெளியே வருகிறதா என்று பாருங்கள். இறவார விளிம்பில் தொங்கும் வேலைப்பாட்டுப் பலகையைக் கழற்றினால் பத்திரமாகத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். அழகுக்கு என்று நினைப்பார்கள். கூரைச் சட்டங்களின் முனை நனையாமல் காப்பது அந்தப் பலகைதான்.

கூரைத் தண்ணீர் ஓடும் பீலியில் பலா இலையும் மாவிலையும் சேரும். சித்திரை முடிவதற்குள் ஒருமுறை, ஆடி நடுவில் ஒருமுறை வாரி எடுங்கள். கூரைமேல் சாயும் கிளையை மழைக்கு முன்பே வெட்டிவிடுங்கள்.

குன்றுச் சரிவை ஒட்டிய வீடுகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2019 ஆகஸ்ட் 9-ஆம் தேதி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாங் வட்டாரத்தில் மலை சரிந்து ஒரு கிராமத்தின் வீடுகளை மூடியது. எழுபது பேர் அளவுக்கு இறந்தார்கள். அந்த வாரத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. உங்கள் வீட்டுக்குப் பின்னால் மண்ணைத் தாங்கும் சுவர் இருந்தால், அதில் தண்ணீர் வெளியேறத் துளைகள் இருக்கும். மழைக்கு முன் ஒரு கம்பியை விட்டுக் குத்தி, அவை திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். துளையே இல்லாத சுவர் என்றால் கொத்தனாரைக் கூப்பிட்டுப் போடச் சொல்லுங்கள். சுவர் வயிறு தள்ளியிருந்தாலோ, மேலே மண்ணில் புது வெடிப்பு தெரிந்தாலோ, கனமழை இரவுகளில் பிள்ளைகளை அந்தப் பக்கத்து அறையில் படுக்க வைக்காதீர்கள். சரிவில் வாழை நட்டு அழகு பார்ப்பதைவிட ஆழமாக வேர் விடும் பழைய மரத்தை வெட்டாமல் விடுவது மேல்.

சுவருக்குச் சுண்ணாம்பு

கீழ்த்தளத்துச் செங்கல் மென்மையானது. சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டியது. தரையின் ஈரத்தை அது உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக அந்த ஈரம் வெளியேறும். மழையில் சுவர் கறுத்து, தை மாதத்தில் தானாக வெளுத்துவிடும். அது நோய் இல்லை.

நோய் எப்போது வருகிறது என்றால், அந்தக் கறுப்பைப் பார்த்துப் பயந்து சிமென்ட் பூசும்போது. ஈர வேட்டியைப் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்ததுபோல் ஆகிவிடும். வெளியேற முடியாத ஈரம் சுவருக்குள்ளேயே மேலே ஏறி, மேல்தளத்து உத்தரங்கள் சுவரில் உட்காரும் இடத்துக்குப் போகும். தேக்கே ஆனாலும் காற்றில்லாத ஈரத்தில் முனை அழுகும். எங்கள் சந்தில் ஒரு வீட்டுக்கு இப்படிப் பளபளவென்று சிமென்ட் பூசினார்கள். சில மழைக்காலத்துக்குள் பூச்சு உப்பிக்கொண்டு வந்தது, பின்னால் இருந்த செங்கல் மாவாகக் கொட்டியது. உத்தர முனைகளை வெட்டி ஒட்டுப் போட வேண்டி வந்தது. அந்தச் செலவில் மூன்று வீட்டுக்குச் சுண்ணாம்பு பூசியிருக்கலாம்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே சிமென்ட் இருந்தால், மழை நின்று கார்த்திகை பிறந்ததும் அடியிலிருந்து இடுப்பளவு உயரத்துக்குப் பூச்சை உளியால் மெதுவாக எடுத்துவிடுங்கள். டிரில் மெஷின் வேண்டாம், செங்கல் உடையும். குறைந்தது இரண்டு மாதமாவது வெறும் செங்கலாகக் காயட்டும். வெள்ளையாகப் பூக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி வெளியே கொட்டுங்கள், கழுவினால் திரும்ப உள்ளே போகும். அப்புறம் சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கு அடியில் சில வாரமாவது ஊற வையுங்கள், வெண்ணெய்போல் வழவழவென்று வரும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். ஆற்றின் கடலோரப் பக்கத்து மணலில் உப்பு இருக்கும், வாயில் ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்து வாங்குவது என் வழக்கம். ஒரே தடிப்பாக அப்பாமல் மெல்லியதாக இரண்டு மூன்று தடவை பூசி, ஈரச் சாக்குத் தொங்கவிட்டு ஒரு வாரம் நிழலில் ஆறவிடச் சொல்லுங்கள். இளம் கொத்தனார்களுக்கு இந்த வேலை பழக்கமில்லை. பாயாக்களில் பழைய வேலை செய்கிற மேஸ்திரிகளைத் தேடிப் பிடியுங்கள், அவர்களுக்குக் கை தெரியும்.

அப்புறம் வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடித்தால் போதும். நம் வீடுகளில் எப்படியும் செய்வதுதான்.

மரம்

தேக்கின் வைரப் பகுதியைக் கறையான் சுலபத்தில் தொடாது. வெளுத்த ஓரப் பகுதியைத் தின்னும். பழைய பலகைகள் வைரம், பின்னால் வந்தவர்கள் ஒட்டுப் போட்ட துண்டுகள் பெரும்பாலும் ஓரம். அதனால் கறையான் எப்போதும் புதிய துண்டில்தான் ஆரம்பிக்கும், அங்கே தேடுங்கள். மாதம் ஒருமுறை வீட்டுக்கு அடியில் குனிந்து தூண்களின் அடியைப் பாருங்கள். செங்கல் மேடையில் விரல் தடிமனில் மண் குழாய் ஏறியிருந்தால் உடைத்துவிடுங்கள். மறுநாள் திரும்பக் கட்டியிருந்தால் உள்ளே கூட்டம் இருக்கிறது, மருந்து வைக்க ஆள் கூப்பிடுங்கள். வீட்டுக்கு அடியில் விறகு, பழைய அட்டைப்பெட்டி, தேங்காய் மட்டை எதையும் அடுக்காதீர்கள். இடம் சும்மாதானே கிடக்கிறது என்று தோன்றும். அந்த இடம் காற்றுக்கு.

தூண்கள் பல வீடுகளில் பியின்கடோ மரம். ரயில் தண்டவாளத்துக்குக் கட்டையாகப் போட்ட மரம் அது. அடி மட்டும் அழுகியிருந்தால் முழுத் தூணை மாற்ற வேண்டாம். கெட்ட பகுதியை வெட்டி, அதே மரத்தில் ஒட்டுப் போட்டு, கீழே கல் வைத்து உட்கார வைக்க நல்ல தச்சருக்குத் தெரியும். பழைய தேக்கு வேண்டுமென்றால் இடிக்கிற வீடுகளிலிருந்து கிடைக்கும். இந்த நாட்டில் தேக்கு அரசாங்கக் கட்டுப்பாட்டில் உள்ள மரம் என்பதால் யாரிடம் வாங்கினாலும் ரசீது இல்லாமல் வாங்காதீர்கள்.

வெளிப்பலகைக்கு பர்மியர்கள் பழங்காலமாக எண்ணெய்க் கிணறுகளின் கறுப்புக் கசடைப் பூசி வந்தார்கள். பழைய புத்த மடங்கள் கறுப்பாக இருப்பது அதனால்தான். மழைக்கு முன் வெயில் காய்ந்த மரத்தில் பூசினால் தண்ணீரும் பூச்சியும் அண்டாது. வாசனை ஒரு மாதம் போகாது, தீ சீக்கிரம் பிடிக்கும், ஆகவே சமையலறைப் பக்கம் வேண்டாம். பளபள வார்னிஷ் வெளியே பூசினால் வெடித்து, வெடிப்புக்குள் தண்ணீர் நிற்கும். உள்தரைக்கு வாரம் ஒருமுறை நன்றாகப் பிழிந்த ஈரத்துணி போதும். வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கத்தை சிமென்ட் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ஜன்னலை மாற்றாதீர்கள். சாய்வுப் பலகைகளைக் கழற்றிவிட்டு அலுமினியக் கண்ணாடி போட்டால் மழை நேரத்தில் அடைத்துக்கொண்டு புழுங்க வேண்டும், வெயில் நேரத்தில் வேக வேண்டும். பலகை ஜன்னல் மழையைத் தடுத்துக் காற்றை விடும். உடைந்த இலைகளை ஒவ்வொன்றாக மாற்றலாம், மலிவான வேலை. கதவுக்கு மேல் உள்ள அழிக்கட்டம் அறையின் சூடு வெளியேறும் வழி. குளிர்சாதனம் வைத்தே தீர வேண்டுமென்றால் உள்பக்கமாக ஒரு சின்ன அறையைத் தனியாக அடைத்து அதில் வையுங்கள்.

கொசு? வலை அடித்த சட்டத்தை ஜன்னலின் உள்பக்கம் மாட்டுங்கள், கழற்றி மாட்டும்படி.

தீயும் கரண்டும்

மாசி முதல் சித்திரை வரை மரவீட்டில் நெருப்பு பயம். வீட்டு முன்னால் நீண்ட மூங்கிலில் தீக்கொக்கியும், அடித்து அணைக்கும் தட்டியும், தண்ணீர் கட்டிய பைகளும் வைப்பது இங்கே கடமை. சும்மா ஒப்புக்கு வைக்காமல், கொக்கி கூரை விளிம்புக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். சாமி விளக்கைப் பலகைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். பித்தளைத் தாம்பாளத்தில், சுவரிலிருந்து ஒரு கை தள்ளி வையுங்கள்.

துணி சுற்றிய பழைய ஒயர் எங்காவது மிச்சமிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள், இதில் காத்திருக்க ஒன்றுமில்லை. கரண்ட் அடிக்கடி போவதால் எல்லோரும் பேட்டரி வைத்திருக்கிறோம். அதைப் படிக்கட்டுக்கு அடியில் வைக்காதீர்கள். தீப்பிடித்தால் இறங்கும் வழி அதுதான்.

அக்கம்பக்கம்

இந்தப் பேட்டையில் விடியற்காலையே தெரு விழித்துவிடும். கீழ் மெயின் ரோட்டுப் பள்ளிவாசல்களில் பாங்கு, பிறகு அன்னம் வாங்க வரும் பிக்குகளின் வரிசை, ஞாயிறன்று 1827-இல் அமெரிக்க மிஷனரி ஜட்சன் தொடங்கிய பாப்டிஸ்ட் சபையின் பாட்டு, நம் கோயில் மணி. சத்தம் என்று முகம் சுளித்தால் இங்கே குடியிருக்க முடியாது. வாசலில் பிக்குகள் வந்தால் சூடான சோறு ஒரு கரண்டி போடுங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு. நாம் இந்துக்கள் என்பது யாருக்கும் தடையில்லை.

துணி காயப்போடுவதில் கவனம் வேண்டும். பெண்களின் கைலியையும் பாவாடையையும் முன்வாசலில், ஆண்கள் குனிந்து கடக்கும் உயரத்தில் போட்டால் பர்மிய வீட்டாரும், இந்த வட்டாரத்து மோன் இனத்து வீட்டாரும் மனம் வருந்துவார்கள். பின்கட்டில் தாழ்வாகப் போடுங்கள்.

சித்திரைப் பிறப்பும், பர்மியப் புத்தாண்டுத் திருவிழாவான திஞ்ஜானும் ஒரே வாரத்தில் வரும். மோன் வீடுகளில் மெழுகுப் புகை வாசம் ஏற்றிய நீர்ச்சோறு செய்து, மாங்காய்க் கூட்டோடு கொண்டுவந்து தருவார்கள். பாத்திரத்தைக் காலியாகத் திருப்பாதீர்கள். பொங்கலுக்கு நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். யார் வீட்டிலாவது சாவு என்றால் அழைப்பு எதிர்பார்க்காமல் போய் நில்லுங்கள். கூரை பறந்த இரவில் தார்ப்பாயோடு வருகிறவர்கள் இவர்கள்தான்.

இரவு தங்க விருந்தாளி வந்தால் வார்டு அலுவலகத்தில் பெயர் கொடுக்க வேண்டும். இந்த விதி 2016-இல் நீங்கி, 2021 பிப்ரவரியில் திரும்ப வந்தது. தங்கை ரங்கூனிலிருந்து வந்தாலும் கொடுத்துவிடுங்கள். குடும்பப் பட்டியல், அதாவது 66/6 படிவத்தை, இருவர் எடுக்கக்கூடிய இடத்தில், தண்ணீர் புகாத உறையில் வையுங்கள்.

காகிதம்

வாங்குகிறவர்கள் நில ஆவணப் பகுதியில் 105, 106 படிவங்களின் நகலை எடுக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஒன்று வரைபடம், மற்றது நிலத்தின் வரலாறு. இந்தத் தெருக்களில் பல வீடுகள் இன்னும் இறந்துபோனவர் பெயரில், அல்லது 1960-களில் இந்தியாவுக்குப் போய்விட்டவர் பெயரில் இருக்கின்றன. கையில் உள்ள கிரான்ட், அதாவது அரசாங்கம் கொடுத்த நிலக் குத்தகைப் பத்திரம், காலம் முடிந்ததா, புதுப்பித்தார்களா என்று பாருங்கள். பவர் எழுதி வாங்கினேன் என்று சொல்பவரிடமிருந்து வாங்கும்போது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.

பரம்பரை வீடு என்றால், 1898-ஆம் வருஷத்துப் பர்மா சட்டங்கள் சட்டப்படி வாரிசு விஷயத்தில் நமக்கு இந்து சட்டம்தான். அண்ணன் தம்பி மட்டும் உட்கார்ந்து பேசி முடித்துவிடாமல், எல்லா வாரிசின் கையெழுத்தும் வாங்குங்கள். இந்தியக் குடியுரிமை வாங்கிவிட்ட தமிழ்நாட்டு உறவினரை வாங்குபவராகச் சேர்க்க முடியாது. 1987-ஆம் வருஷச் சட்டம் வெளிநாட்டவருக்கு வீடு நிலம் விற்பதைத் தடுக்கிறது.

வாடகைக்கு வருகிறவர்கள் ஆகஸ்டில் ஒருநாள், நல்ல மழை பெய்துகொண்டிருக்கும்போது வந்து வீட்டைப் பாருங்கள். மேல்தளத்தில் ஒவ்வொரு அறையிலும் கொஞ்ச நேரம் நின்று சீலிங்கைக் கவனியுங்கள், கீழ்த்தளத்துச் சுவரைக் கையால் தடவுங்கள். ஒப்பந்தத்தில் மூன்றை எழுதி வாங்குங்கள்: கூரைச் செலவு யாருடையது, கறையான் மருந்து யார் வைப்பது, உங்களைக் கேட்காமல் வீட்டுக்காரர் சிமென்ட் பூசக்கூடாது என்பது. மூன்றாவதைக் கேட்டால் வீட்டுக்காரர் ஆச்சரியப்படுவார். உட்கார வைத்துக் காரணத்தைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்வார்.